இறுகிப்போன கியரும் உம்மாவின் தையல் மெஷின் எண்ணெயும்

(உயர்தரம் – பௌதிக விஞ்ஞானப் பிரிவு)

சம்மாந்துறையிலிருந்து காரைதீவுச் சந்தி வரை செல்லும் வீதியின் இருமருங்கிலும் வயல்வெளிதான். ஒதுங்கி நிற்க நிழல் குறைவு. கச்சான் காற்று வீசும் மாதங்களில் அந்த வீதியில் சைக்கிள் ஓடியவர்களுக்கு நான் சொல்வது விளங்கும். லுஹருக்குப் பின் கல்முனையில் நடக்கும் வகுப்புக்குப் புறப்படும்போது காற்று முதுகைத் தள்ளிக்கொண்டு வரும். பெடலை மிதிக்கவே தேவையில்லை என்பது போல இருக்கும். அஸருக்குப் பின் வீடு திரும்பும்போது அதே காற்று நெஞ்சுக்கு நேரே வந்து நிற்கும். அப்போதுதான் கியரின் அருமை தெரியும்.

என்னுடையது பாவித்த ஜப்பான் சைக்கிள். 2022ஆம் ஆண்டு எரிபொருள் தட்டுப்பாட்டின்போது, பெற்றோல் வரிசையில் நின்று களைத்துப்போன வாப்பா வாங்கியது. பெற்றோல் கிடைக்கத் தொடங்கியதும் அவர் மோட்டார் சைக்கிளுக்குத் திரும்பிவிட்டார். சைக்கிள் எனக்கு வந்தது. பின்சில்லில் ஆறு கியர்கள். வலது கைப்பிடியோடு சேர்ந்த வளையத்தைத் திருகினால் கியர் மாறும்.

கடந்த ஆனி மாதம் அந்த வளையம் மெல்ல மெல்ல இறுகத் தொடங்கியது. முதலில் விரல்கள் நோகின. பிறகு மணிக்கட்டு நொந்தது. ஒருநாள் மாலை ஆறாவது கியரில் மாட்டிக்கொண்டு எதிர்க்காற்றில் திணறினேன். வலது கையால் திருக முடியவில்லை. இடது கையைக் குறுக்கே கொண்டுபோய் இரண்டு கைகளாலும் திருகினேன். சைக்கிள் ஒரு பக்கம் இழுத்தது. பின்னால் மணல் ஏற்றி வந்த உழவு இயந்திரம் பெரிதாக ஹோர்ன் அடித்தது. நான் வீதியோரத்துப் புல்லில் விழுந்தேன். முழங்காலில் சிராய்ப்பு, அபாயாவில் ஒரு சாண் கிழிசல். அல்ஹம்துலில்லாஹ், அதற்கு மேல் எதுவுமில்லை.

ஆனால் நான் வீடு வருவதற்குள் செய்தி வந்துவிட்டது. உம்மா என் முழங்காலைப் பார்க்கவில்லை. கிழிசலைத்தான் பார்த்தார்.

“இனி சைக்கிள்ல போகத் தேவல்ல மகள். காக்கா கொண்டு விடுவார்.”

காக்காவுக்கு வேலை. வாரத்தில் மூன்று நாட்கள்தான் அவரால் முடியும். எனக்கு ஐந்து நாட்கள் வகுப்பு. விட்டுப்போகும் இரண்டு நாட்களில் ஒன்று பௌதிகவியல். பரீட்சைக்கு ஒரு வருடம்கூட இல்லை.

வாப்பா சைக்கிளைத் திருத்துமிடத்துக்குக் கொண்டுபோனார். கைப்பிடியை இரண்டு தரம் திருகிப் பார்த்துவிட்டு, “இது முடிஞ்சிட்டு, முழுசா மாத்தணும்” என்று சொல்லி ஒரு தொகையும் சொன்னார்களாம். அது என்னுடைய இரண்டு பாடங்களுக்கான ஒரு மாத வகுப்புக் கட்டணம். “வெள்ளாமை வெட்டட்டும், பார்ப்பம்” என்றார் வாப்பா. வெள்ளாமை வெட்ட இன்னும் இரண்டு மாதம் இருந்தது.

ஆகவே நானே திருத்திப் பார்ப்பது என்று முடிவு செய்தேன். அந்த ஒரு வாரத்தில் நான் கற்றுக்கொண்டதை, சைக்கிளில் பாடசாலைக்கும் வகுப்புக்கும் செல்லும் சகோதரிகளுக்கும் அவர்களுடைய பெற்றோருக்கும் பயன்படும் என்ற எண்ணத்தில் எழுதுகிறேன்.

கியர் என்ன செய்கிறது?

முதலில் ஒரு சிறு கணக்கு. என் சைக்கிளின் பெடலோடு சேர்ந்த பற்சில்லில் 38 பற்கள். பின்சில்லில் உள்ள ஆறு பற்சில்லுகளில் மிகச் சிறியதில் 14, மிகப் பெரியதில் 28 பற்கள். சிறிய பற்சில்லில் செயின் இருக்கும்போது பெடலை ஒரு முறை முழுதாகச் சுற்றினால் பின்சில்லு 38 ÷ 14, அதாவது ஏறத்தாழ 2.7 தடவை சுற்றும். 26 அங்குலச் சில்லின் சுற்றளவு ஏறத்தாழ 2.07 மீற்றர். ஆகவே ஒரு மிதிப்புச் சுற்றுக்கு 5.6 மீற்றர் முன்னேறுவோம். பெரிய பற்சில்லில் அதே கணக்கு 2.8 மீற்றர். தூரம் பாதியாகும்போது, உராய்வை ஒதுக்கிப் பார்த்தால், மிதிக்க வேண்டிய விசையும் பாதியாகிறது. எதிர்க்காற்றில் முதலாம் கியருக்கும் ஆறாம் கியருக்கும் இடையில் உள்ள வித்தியாசம் இதுதான். ஆறில் மாட்டிக்கொண்டவள் இரண்டு மடங்கு விசையோடு மிதிக்க வேண்டியிருக்கும்.

ஒரு பற்சில்லிலிருந்து மற்றதற்குச் செயினைத் தள்ளுவது பின்சில்லருகே தொங்கிக்கொண்டிருக்கும் ‘டெரெயிலர்’ என்ற உறுப்பு. அதற்குள் ஒரு சுருள்வில் இருக்கிறது. அது எப்போதும் செயினைச் சிறிய பற்சில்லின் பக்கமாகவே இழுத்துக்கொண்டிருக்கும். நாம் கைப்பிடியைத் திருகும்போது ஓர் உருக்குக் கேபிள் இழுபட்டு, சுருள்வில்லை எதிர்த்து டெரெயிலரைப் பெரிய பற்சில்லின் பக்கம் கொண்டுபோகிறது. திருப்பி விட்டால் கேபிள் தளர்ந்து, சுருள்வில் தன் வேலையைச் செய்கிறது. அதாவது ஒரு பக்கத்துக்கு நம் கை இழுக்கிறது, மறுபக்கத்துக்குச் சுருள்வில் இழுக்கிறது. இதை நினைவில் வைத்துக்கொண்டால் பிழையைக் கண்டுபிடிப்பது இலகு.

கேபிள் வெறும் கம்பியல்ல. வளையக்கூடிய ஒரு வெளிக்குழாய்க்குள் முறுக்கிய உருக்குக் கம்பி வழுக்கிச் செல்கிறது. கடைகளில் ‘இன்னர்’, ‘அவுட்டர்’ என்று கேட்டால் தருவார்கள். இந்த வகைக் கேபிளைப் போடன் கேபிள் என்பார்கள். 1896இல் பிரித்தானியாவில் இதற்குக் காப்புரிமை பெற்ற ஏர்னஸ்ட் மொனிங்டன் போடனின் பெயரால் வந்தது. வளைவுகளைக் கடந்து இழுவையைக் கொண்டுசெல்ல இதைவிட இலகுவான வழி இல்லை. ஆனால் அந்த வளைவுகளில்தான் வில்லங்கமும் இருக்கிறது.

நான் செய்த முதற்பிழை

இறுகியிருப்பது கைப்பிடி. ஆகவே பிழையும் கைப்பிடியில்தான் இருக்க வேண்டும் என்று நினைத்தேன். குசினியிலிருந்து தேங்காயெண்ணெய்ப் போத்தலை எடுத்து வந்து, வளையத்தின் இடைவெளியில் நன்றாக ஊற்றினேன். கைப்பிடி வழுக்கியது, கியர் மாறவில்லை. மறுநாள் பார்த்தால் முற்றத்துப் புழுதி எல்லாம் அதில் அப்பியிருந்தது. சமையல் எண்ணெய்கள் இயந்திரத்துக்கு உரியவை அல்ல. தூசியைச் சேர்த்து, நாட்போக்கில் பிசுபிசுப்பாகி, இருந்ததையும் கெடுத்துவிடும்.

நான் துணியால் துடைத்துக்கொண்டிருந்ததை உம்மா தையல் மெஷினில் இருந்தபடியே பார்த்துக்கொண்டிருந்தார். கிழிந்த அபாயாவைத்தான் தைத்துக்கொண்டிருந்தார். என்னோடு இரண்டு நாட்களாகச் சரியாகப் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, யாருக்கோ சொல்வதுபோலச் சொன்னார்:

“சீலைக்கு அடியில நூல் சிக்கினா எல்லாரும் அடியிலதான் கழட்டுற. பிழை மேல இருக்கும். நூல் போற வழி முழுக்கப் பார்க்கணும்.”

தையல் தெரிந்தவர்களுக்கு இது புதிதல்ல. துணியின் அடிப்பக்கத்தில் நூல் கொத்தாகச் சிக்கினால், பெரும்பாலும் மேல்நூல் சரியாகக் கோக்கப்படாததே காரணம். சிக்கல் தெரிகிற இடம் வேறு, பிழை இருக்கிற இடம் வேறு. நான் துணியைக் கீழே வைத்துவிட்டு, கேபிள் போகும் வழி முழுவதையும் கண்ணால் தொடர்ந்து பார்த்தேன். கைப்பிடியில் தொடங்கி, ஹான்டிலின் முன்னால் வளைந்து, சட்டத்தின் கீழ்க்குழாயோடு வெறும் கம்பியாக ஓடி, பின்னால் ஒரு சிறு வெளிக்குழாய்க்குள் புகுந்து, அரைவட்டமாக வளைந்து டெரெயிலரில் முடிகிறது. அந்தக் கடைசி வளைவில் வெளிக்குழாயின் வாயில் செங்கட்டித் தூளைப்போல ஏதோ ஒட்டியிருந்தது. துரு.

பிழையைப் பிரித்தறிதல்

துருவைக் கண்டதும் அதுதான் காரணம் என்று சொல்லிவிடவும் கூடாது. தேங்காயெண்ணெய் எனக்கு அந்தப் பாடத்தைத் தந்திருந்தது. கைப்பிடி, கேபிள், டெரெயிலர் ஆகிய மூன்றையும் தனித்தனியே பிரித்துச் சோதிக்க வேண்டும். அதற்கு இப்படிச் செய்யலாம்.

முதலில் எல்லா இணைப்புகளையும் தொலைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். திருப்பிப் பூட்டும்போது அது பெரிய உதவி. பின்சில்லு நிலத்தில் படாமல் இருக்க வேண்டும். நான் இருக்கையின் கீழே கயிறு கட்டி மாமரக் கொப்பில் தொங்கவிட்டேன். கைப்பிடியை 6இல் வையுங்கள். அப்போது செயின் சிறிய பற்சில்லில் இருக்கும், கேபிள் மிகத் தளர்ந்திருக்கும். இப்போது டெரெயிலரில் கேபிளைப் பிடித்திருக்கும் ஆணியைத் தளர்த்துங்கள். என் சைக்கிளுக்கு 9 மில்லிமீற்றர் ஸ்பெனர் பொருந்தியது. சிலவற்றுக்கு 5 மில்லிமீற்றர் அலன் கீ வேண்டும்.

முதலாவது சோதனை டெரெயிலருக்கு. அதைக் கையால் சில்லின் பக்கம் மெதுவாகத் தள்ளி விடுங்கள். தடையின்றிப் போய், விட்டதும் துள்ளித் திரும்ப வேண்டும். தயங்கித் திரும்பினால் அதன் மூட்டுகளில் அழுக்கு இருக்கிறது. என்னுடையது துள்ளியது.

இரண்டாவது சோதனை கைப்பிடிக்கு. கைப்பிடியில் செருகியிருக்கும் வெளிக்குழாயின் நுனியை வெளியே இழுத்து, கம்பியோடு சற்றுக் கீழே நகர்த்துங்கள். வெறும் கம்பி தெரியும். அதை ஒரு கையால் மெல்ல இழுத்துப் பிடித்துக்கொண்டு மறுகையால் வளையத்தைத் திருகுங்கள். என்னுடைய கைப்பிடி ‘டிக், டிக்’ என்று ஒன்று வரை இலகுவாகத் திரும்பியது. முடிந்துபோய்விட்டது, முழுதாக மாற்ற வேண்டும் என்று சொல்லப்பட்ட அதே கைப்பிடிதான்!

மூன்றாவது சோதனை கேபிளுக்கு. ஒவ்வொரு வெளிக்குழாய்த் துண்டையும் பிடித்து, உள்ளே கம்பியை முன்னும் பின்னும் இழுத்துப் பாருங்கள். முன்துண்டில் சற்றுக் கரகரப்பு இருந்தது. பின்துண்டில் கம்பி அசையவே இல்லை. குறட்டால் பிடித்து இழுத்தபோது சிவந்த தூளோடு வெளியே வந்தது.

வளைவில் நடப்பது என்ன?

ஒரு சிறு துண்டுத் துரு இவ்வளவு பெரிய இறுக்கத்தைத் தருமா என்று எனக்கு ஐயமாக இருந்தது. பௌதிகவியல் ஆசிரியரிடம் கேட்டேன். அவர் பதிலுக்கு ஒரு கேள்வி கேட்டார்: “ஹஜ்ஜுப் பெருநாளைக்குக் குர்பான் மாட்டை எப்படிப் பிடிக்கிறாங்க?”

நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். மாடு இழுக்கும்போது அதை நேராக எதிர்த்து இழுக்க மூன்று பேர் வேண்டும். கயிற்றைத் தென்னை மரத்தில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டால் ஒரு பையனே பிடித்துக்கொள்வான். மரத்தைச் சுற்றிய ஒவ்வொரு பாகையிலும் உராய்வு கொஞ்சம் கொஞ்சமாக இழுவையைத் தின்றுவிடுகிறது. இரண்டு முனைகளிலும் உள்ள இழுவைகளின் விகிதம் e இன் அடுக்கு (உராய்வுக் குணகம் × சுற்றிய கோணம்) என்று வரும். கோணத்தை ஆரையனில் எடுக்க வேண்டும்.

என் சைக்கிள் கேபிளின் வளைவுகளை எல்லாம் கூட்டினால் ஏறத்தாழ 270 பாகை, அதாவது 4.7 ஆரையன். உராய்வுக் குணகம் 0.1 என்று வைத்துக்கொண்டால் விகிதம் 1.6. துருவால் அது 0.3 ஆனால் விகிதம் 4.1. உராய்வு மூன்று மடங்காகும்போது, டெரெயிலருக்குப் போய்ச் சேர வேண்டிய இழுவைக்கு 1.6 மடங்கு இழுத்த விரல்கள் இப்போது நான்கு மடங்குக்கு மேல் இழுக்க வேண்டும். இந்த எண்கள் விளக்கத்துக்காக எடுத்தவை, நான் அளந்தவை அல்ல. ஆனாலும் என் மணிக்கட்டு ஏன் நொந்தது என்பதை அவை சொல்லிவிடுகின்றன.

மறுதிசையிலும் இதே கதைதான். கைப்பிடியைத் திருப்பி விட்டாலும், சுருள்வில்லின் இழுவையில் நான்கில் ஒரு பங்குதான் மறுமுனைக்கு வரும். ஆகவே செயின் சிறிய பற்சில்லுக்கு இறங்காமல் அடம்பிடிக்கும். பெரிய பற்சில்லுக்கு ஏற்றக் கடினமாகவும், சிறியதற்கு இறங்கத் தாமதமாகவும் இருந்தால், முதலில் சந்தேகிக்க வேண்டியது கேபிளைத்தான்.

பின்துண்டு மட்டும் ஏன் அதிகமாகத் துருப்பிடித்தது? அது நிலத்துக்கு அருகில் இருக்கிறது. சில்லு வாரியடிக்கும் சேறும் தண்ணீரும் அதில் படும். அரைவட்டமாக வளைந்திருப்பதால் உள்ளே போன தண்ணீர் தாழ்ந்த இடத்தில் தேங்கும். கரையோரப் பிரதேசத்தில் உப்புக்காற்றும் சேர்ந்துகொள்ளும்.

திருத்திய முறை

துருப்பிடித்த கேபிளுக்கு எண்ணெய் விட்டால் சில நாட்களுக்கு ஓடும். ஆனால் துருவால் சொரசொரப்பான கம்பி மீண்டும் இறுகும், ஒருநாள் அறுந்தும் போகும். மாற்றுவதே நல்லது. பழைய கேபிளையும் வெளிக்குழாய்களையும் கடைக்குக் கொண்டுபோய், அதே நீளத்துக்கு வெட்டித் தரச் சொல்லுங்கள். வெட்டுவதற்கு உரிய வெட்டி அவர்களிடம் இருக்கும். வீட்டில் சாதாரணக் குறட்டால் வெட்டினால் குழாயின் வாய் நசுங்கும்.

வாங்கும்போது ‘கியர் அவுட்டர்’ என்று தெளிவாகக் கேளுங்கள். பிரேக் கேபிளின் வெளிக்குழாயில் உருக்குக் கம்பி சுருளாகச் சுற்றப்பட்டிருக்கும். கியர் குழாயிலோ மெல்லிய கம்பிகள் நீளவாக்கில் ஓடும். பிரேக் குழாய் வளையும்போது அதன் நீளம் சற்று மாறும். ஒரு கியருக்கு இவ்வளவு என்று கணக்காக இழுபட வேண்டிய கேபிளுக்கு அது ஒத்துவராது. மாறாக, கியர் குழாயைப் பிரேக்குக்கு ஒருபோதும் போடக்கூடாது. பலமாகப் பிடித்தால் அது வெடித்துப் பிளந்துவிடும், பிரேக் இல்லாமல் போகும்.

இனிப் பூட்டும் முறை:

1. வெளிக்குழாய்களின் வாய்களை ஊசியால் திறந்துவிடுங்கள். வெட்டும்போது உள்ளிருக்கும் பிளாஸ்ரிக் உறை ஒட்டியிருக்கும். ஒவ்வொரு வாய்க்கும் மூடி போட வேண்டும்.

2. கைப்பிடியை 6இல் வையுங்கள். கேபிளின் தலை வெளியேறும் துவாரம் அப்போதுதான் நேராக வரும். சில கைப்பிடிகளில் அதை மறைத்து ஒரு சிறு மூடி இருக்கும். பழைய கம்பியை அவ்வழியே தள்ளி எடுத்து, புதியதைச் செருகுங்கள்.

3. வெளிக்குழாய்க்குள் இரண்டு துளி மெல்லிய இயந்திர எண்ணெய் விடுங்கள். பிசுபிசுப்பான எண்ணெய் வேண்டாம்.

4. கம்பியைப் பழைய வழியே கோத்து டெரெயிலர் வரை கொண்டுபோங்கள். குழாய் எங்கும் கூர்மையாக மடியக்கூடாது. ஹான்டிலை இரு பக்கமும் முழுதாகத் திருப்பினாலும் கேபிள் இழுபடக்கூடாது.

5. கேபிள் டெரெயிலருக்குள் நுழையும் இடத்தில் கையால் திருகக்கூடிய ஒரு சிறு உருளைத் திருகு இருக்கும். அதை முழுதாக உள்ளே திருகி, பின் ஒரு சுற்று வெளியே எடுங்கள். கம்பியைக் குறட்டால் மிதமாக இழுத்துப் பிடித்து ஆணியை இறுக்குங்கள்.

6. ஒருவர் பெடலைச் சுற்ற, மற்றவர் கியரை 6இலிருந்து 5க்கு மாற்றுங்கள். செயின் ஏறத் தயங்கினால் உருளைத் திருகை வெளிப்பக்கமாக அரைச் சுற்றுத் திருகுங்கள். அளவுக்கு மீறி அடுத்த பற்சில்லில் உரசினால் உள்ளே திருகுங்கள். ஒவ்வொரு கியராக இதைப் பாருங்கள்.

7. கம்பியின் நுனியில் நான்கைந்து சென்ரிமீற்றர் விட்டு வெட்டி, நுனிமூடி போட்டு நசுக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் இழைகள் பிரிந்து விரலைக் குத்தும்.

டெரெயிலரில் ‘எச்’, ‘எல்’ என்று குறித்த இரண்டு சிறு திருகாணிகள் இருக்கும். அவற்றைத் தொடாதீர்கள். செயின் எல்லை தாண்டிக் கம்பிகளுக்குள் விழாமல் காப்பவை அவை. கேபிளை மாற்றுவதற்கும் அவற்றுக்கும் தொடர்பில்லை.

இன்னுமொன்று. பெடல் சுற்றும்போது செயினுக்கும் பற்சில்லுக்கும் அருகே விரலைக் கொண்டுபோகக்கூடாது. சோல், அபாயாக் கை முதலியவற்றை ஒதுக்கிக் கட்டிக்கொள்ளுங்கள். சிறு பிள்ளைகளை அருகில் விடாதீர்கள். எனக்குப் பெடல் சுற்றித் தந்த தம்பிக்கு ஏழு வயது. அவன் கையைப் பெடலில் மட்டுமே வைத்திருக்க வேண்டும் என்று சத்தியம் வாங்கிக்கொண்டுதான் தொடங்கினேன்.

மூன்றாவது வேலைக்கு எண்ணெய் தேவைப்பட்டபோது நான் மீண்டும் குசினிப் பக்கம் பார்த்தேன். உம்மா எழுந்து வந்து, தையல் மெஷின் லாச்சியிலிருந்த நீண்ட மூக்குப் போத்தலை என் கையில் வைத்தார்.

“இது மெஷின் எண்ணெய். ரெண்டு துளிதான். ஊத்திடாத.”

உங்களுடையது கேபிள் அல்லாவிட்டால்?

சோதனையில் கேபிள் நல்லதாக இருந்து கைப்பிடி இறுகியிருந்தால், முதலில் செலவில்லாத காரணத்தைப் பாருங்கள். சுழலும் வளையத்துக்குப் பக்கத்தில் உள்ள றப்பர்ப் பிடி உள்ளே தள்ளப்பட்டு வளையத்தை நெரித்துக்கொண்டிருக்கலாம். அதை ஒரு மில்லிமீற்றர் வெளியே இழுத்தாலே போதும். வளையத்துக்குள் மணலிருந்தால் துணியால் துடைத்தெடுங்கள். பிளாஸ்ரிக் பாகங்கள் என்பதால் பெற்றோலால் கழுவாதீர்கள்.

விரலால் தள்ளும் நெம்பு வகைக் கியர் மாற்றிகளில் வேறொரு நோய் உண்டு. பல வருடங்களுக்கு முன் உள்ளே பூசிய கிறீஸ் காய்ந்து பசைபோலாகிவிடும். அதற்குள் இருக்கும் சிறு கொளுவிகள் அதில் ஒட்டிக்கொள்ளும். நெம்பைத் தள்ளினால் ஒன்றும் பிடிக்காமல் வெறுமையாகப் போகும், அல்லது அசையவே அசையாது. இதற்குக் குழாயுடன் வரும் தெளிப்பு எண்ணெயை இடைவெளிகளில் நன்றாக அடித்து, நெம்பை ஐம்பது அறுபது தடவை தள்ளி, வழியும் அழுக்கைத் துடைத்து, மறுநாளும் செய்ய வேண்டும். பழைய பசை கரைந்து வெளியேறியதும் சில துளி மெல்லிய எண்ணெய் விட்டால் போதும். உள்ளே திறந்து பார்க்க ஆசைப்படாதீர்கள். சிறு வில்கள் பறந்துவிட்டால் திருப்பிப் பூட்டுவது பெரும்பாடு.

டெரெயிலர் தயங்கினால் தூரிகையாலும் சவர்க்காரத் தண்ணீராலும் அழுக்கை நீக்கி, காய்ந்தபின் ஒவ்வொரு மூட்டுக்கும் ஒரு துளி எண்ணெய் விடுங்கள்.

நோய் வராமல் காப்பதும் உண்டு. மழையில் நனைந்தால் துடைத்து நிழலில் வையுங்கள். நிறுத்தி வைக்கும்போது சிறிய பற்சில்லில் வைத்தால் கேபிளும் சுருள்வில்லும் ஓய்வாக இருக்கும். மாதம் ஒருமுறை பின்துண்டின் வாயில் ஒரு துளி எண்ணெய் போதும். இறுக்கத்தின் முதல் அறிகுறியிலேயே கவனியுங்கள். நான் மூன்று வாரம் விரல்நோவோடு ஓடியதுதான் புல்லில் விழுந்த கதையில் முடிந்தது.

கடைசியாக

புதிய கேபிளுக்கும் வெளிக்குழாய்க்கும் செலவானது, கைப்பிடியை மாற்றச் சொன்ன தொகையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. வாப்பா கைப்பிடியை ஒன்று முதல் ஆறு வரை திருகிப் பார்த்தார். திரும்பவும் ஒன்றுக்குக் கொண்டுவந்தார். ஒன்றும் சொல்லாமல் சைக்கிளில் ஏறிப் பள்ளிவாசல் வரை போய் வந்தார். அதுவே எனக்குப் போதுமான சான்றிதழ்.

ஆனால் தீர்ப்பு உம்மாவிடம்தான் இருந்தது. பௌதிகவியல் வகுப்பு நாளன்று லுஹர் தொழுதுவிட்டு வந்து, கேட்கவும் துணிவில்லாமல் கதவடியில் நின்றேன். தைத்து முடித்த அபாயா கதிரையில் மடித்து வைக்கப்பட்டிருந்தது. எடுத்து விரித்துப் பார்த்தேன். கிழிசல் இருந்த இடம் தெரியாமல் தைத்திருந்தார். கீழ்விளிம்பையும் இரண்டு அங்குலம் உயர்த்தி, செயினில் சிக்காதபடி உள்ளே ஒரு பட்டி வைத்திருந்தார்.

“மஃரிபுக்கு முன்ன வீட்ட வந்துடணும்” என்றார், தையல் மெஷினிலிருந்து தலை நிமிராமலே.

அன்று மாலை கச்சான் வழக்கம்போல் நெஞ்சுக்கு நேரே வந்தது. காரைதீவுச் சந்தி தாண்டி வயல்வெளியில் திரும்பியதும் ஒரு விரலாலும் பெருவிரலாலும் கைப்பிடியைத் திருகினேன். ஐந்து, நான்கு, மூன்று, இரண்டு. ஒன்றாம் கியர் எனக்குத் தேவைப்படவில்லை. மஃரிபுக்கு அரை மணித்தியாலம் இருக்கும்போதே வீட்டில் இருந்தேன்.